கையில் வலு இல்லாதவங்க பாட்டில் மூடி, டின் திறக்க என்ன வழி?

சுக்குக்காபி (மதுரை):
அம்மாவுக்காகக் கேட்கிறேன். வயசு 68. முடக்குவாதம். விரல் கணுவெல்லாம் வீங்கியிருக்கு, கட்டைவிரல் அடிமூட்டு ரொம்ப மோசம். காலையில எழுந்ததும் டம்ளரைப் பிடிக்கறதே சிரமம், வெயில் ஏற ஏற கொஞ்சம் இளகும். ஆனா சமையலை யாருக்கும் விட்டுத்தர மாட்டாங்க. நானும் வாங்கிக்கப் போறதில்லை, அதுதான் அவங்களை நடமாட வைக்குது.

நான் வேலைக்குப் போனதும் பகல் முழுக்கத் தனியாத்தான் இருக்காங்க. புது ஜாம் பாட்டில், சாஸ் பாட்டில், கடைத் தொக்கு எதையும் திறக்க முடியலை. போன வாரம் மூடிக்கு அடியில கத்தி முனையைக் கொடுத்து நெம்பியிருக்காங்க. கத்தி வழுக்கி உள்ளங்கையில நீளமா ஒரு கீறல். அதுலேர்ந்து எனக்கு ஆபீஸ்ல உட்காரவே பயமா இருக்கு.

ஆன்லைன்ல தேடினா நூறு கருவி வருது, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி படம், ஒரே மாதிரி புகழ்ச்சி. உண்மையிலேயே வலு இல்லாத கைக்கு உதவுறது எது? பாட்டில், சாதா டின், வளையம் வச்ச டின் மூணுக்கும் வேணும். கைப்பக்குவம் இருந்தாலும் சொல்லுங்க.

மயிலை மாமி (சென்னை):
முதல்ல அந்தக் கத்தியை எடுத்து மேல் தட்டுல வைம்மா. மத்ததெல்லாம் அப்புறம்.

எங்காத்துல பண்றது இது. பாட்டிலையும் மூடியையும் ஈரமில்லாம, எண்ணெய்ப் பசையில்லாம துடைச்சுடணும். பாதி சமயம் வழுக்கறதாலதான் வரமாட்டேங்கறது. பாத்திரம் தேய்க்கற ரப்பர் கையுறை ஒண்ணைப் போட்டுண்டு திருகு. கையுறை இல்லேன்னா பழைய சைக்கிள் ட்யூப்ல ஒரு சாண் வெட்டி வாங்கிக்கோ, பஞ்சர் கடையில சும்மாவே தருவான். மூடியைச் சுத்திப் போட்டு அழுத்தினா அப்படியே பிடிச்சுக்கும். தேய்ஞ்சுபோன குக்கர் கேஸ்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாதே. அதை நறுக்கி மூடி மேல சுத்தினா நல்ல பிடி கிடைக்கும்.

அதுக்கும் மசியலைன்னா சப்பாத்திக் குழவியால மூடி ஓரத்தைச் சுத்தி மெதுவா நாலு தட்டு. இல்லேன்னா ஒரு தட்டுல ரெண்டு விரற்கடை வெந்நீர் விட்டு பாட்டிலைத் தலைகீழா நிக்க வை. ஒரு நிமிஷம் போதும்.

பட்டறை (கோவை):
மாமி சொன்னதெல்லாம் வேலை செய்யும். ஏன் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா எந்தக் கருவி வாங்கறதுன்னு தானா விளங்கிரும். அதனால கொஞ்சம் விளக்கமா எழுதறேன்.

கம்பெனியில ஜாமைச் சூடாவே ஊத்தி மூடி போடறாங்க. மேல இருக்கிற காலி இடத்துல ஆவி நிக்கும். ஆறினதும் ஆவி தண்ணியாயிரும், உள்ளே காத்தழுத்தம் குறைஞ்சுரும். வெளிக்காத்து மூடியை உள்பக்கமா அமுக்கும். புது பாட்டில் மூடி நடுவுல ஒரு வட்டம் பள்ளமா இருக்கும், திறக்கறப்ப 'டொக்'னு மேல வரும். அந்தப் பள்ளம் இந்த அமுக்கத்தாலதான்.

எவ்வளவு அமுக்கம்? ஜாம் பாட்டில்ல பரவலா வர்ற மூடி 63 மி.மீ. விட்டம். பரப்பளவு சுமார் 31 சதுர செ.மீ. வெளிக்காத்தழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கிலோ. உள்ளே பாதி அளவுக்கு வெற்றிடம் இருந்தாலே மூடி மேல 15 கிலோ ஏறி உட்கார்ந்திருக்கு. ஒரு அரிசிச் சிப்பத்துல பாதிக்கு மேல. அதை மேல வச்சுக்கிட்டே மூடியைத் திருகச் சொல்றோம். அம்மா கையால எப்படி முடியும்?

அதனால முதல் வேலை திருகறது இல்லை, காத்தை உள்ளே விடறது. காத்து உள்ளே போனதும் மேல சொன்ன 15 கிலோ போயிரும், மிச்சம் லேசான உராய்வுதான். முனை மழுங்கின, தடிமனான எவர்சில்வர் ஸ்பூனை எடுங்க. மூடிக்கீழ் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவுல நுனியைச் சொருகி, ஸ்பூன் முதுகு பாட்டில் கழுத்துல பட்டு நிக்கிற மாதிரி வச்சு, காம்பைத் தாழ்த்தி மூடியை வெளிப்பக்கமா லேசா நெம்புங்க. ஒரு இடத்துல வரலைன்னா கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்துல. 'ஸ்ஸ்' அல்லது 'டொக்' கேட்டா முடிஞ்சது. அப்புறம் ரெண்டு விரலால திருகலாம்.

இந்த மூடிகளுக்கு உள்ளே முழு மரை கிடையாது. நாலஞ்சு காது மாதிரி மடிப்புதான், கால் சுத்துல கழண்டுரும். நெம்பறப்ப மடிப்பு இல்லாத இடம் சிக்கினா இன்னும் சுலபம்.

ரொறன்ரோ பூவரசு (கனடா):
எங்கட வீட்டிலயும் அம்மம்மாவுக்கு இதே கரைச்சல்தான், தங்கச்சி. பட்டறை அண்ணை சொன்ன வேலையைச் செய்யிறதுக்கெண்டே ஒரு சாமான் இருக்கு. டென்மார்க்கில செய்யிற 'ஜார்கீ'. பிளாஸ்டிக், உள்ளங்கைக்குள்ள அடங்கும். ஒரு முனையை மூடி விளிம்புக்குக் கீழ கொழுவி, மற்றப் பக்கம் மூடிக்கு மேல படிய வைச்சு, பிடியை மேல தூக்கினால் விளிம்பு கொஞ்சம் எழும்பிக் காத்துப் போயிடும். கூர் ஒண்டும் இல்லை. மூடியும் நெளியாது, திரும்பப் பாவிக்கலாம். அதே மாதிரி வேற பேரிலயும் கிடைக்குது.

ஆனால் தகர மூடிக்குத்தான் அது. பிளாஸ்டிக் மூடிப் போத்திலுக்கு உதவாது.

சுக்குக்காபி:
பட்டறை அண்ணா, 15 கிலோன்னு படிச்சதும் அம்மாகிட்ட காட்டினேன். "நான் வலுவில்லாதவன்னு நினைச்சேன், பாட்டில்தான் பிடிவாதமா"ன்னு கேட்டாங்க. ஸ்பூன் முறை பண்ணிப் பார்த்தோம். சாஸ் பாட்டில் சட்டுனு வந்துருச்சு. தேன் பாட்டில் அசையலை. அது பழைய பாட்டில், முன்னாடியே திறந்து பாதி காலி பண்ணினது.

பட்டறை:
தேன் பாட்டில்ல வெற்றிடம் இருக்காது தங்கச்சி, சர்க்கரை ஒட்டியிருக்கு. மரையில தேன் காஞ்சு இறுகிக் கிடக்கும். அதுக்கு மாமியோட தலைகீழ் வெந்நீர்தான் மருந்து. மூடி விளிம்பு முழுகற அளவு தண்ணி, கொஞ்ச நேரம் ஊறினா சர்க்கரை கரைஞ்சுரும்.

வெந்நீர் விட்டா தகரம் விரியும், அதான் மூடி கழலுதுன்னு சொல்வாங்க. கணக்குப் போட்டுப் பார்த்தா 63 மி.மீ. மூடி 40 டிகிரி சூடேறினா விரியறது சுமார் 0.03 மி.மீ. தலைமுடி கனம்கூட இல்லை. அதைவிட மூடிக்குள்ள ஓடற ரப்பர் மாதிரி வளையம் இளகறதும், ஒட்டின சர்க்கரை கரையறதும், உள்ளே இருக்கிற காத்து சூடாகி வெற்றிடம் குறையறதும்தான் பெரிய உதவி. அதனால அடுப்புல காட்டிச் சுட வைக்க வேண்டியதில்லை, கை பொறுக்கிற வெந்நீரே போதும்.

ஒரு எச்சரிக்கை. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டிலை நேரா கொதிக்கிற தண்ணியில வச்சா கண்ணாடி விரிசல் விட்டுரும். முதல்ல வெதுவெதுப்பு, அப்புறம் சூடு.

மயிலை மாமி:
தேன், வெல்லப்பாகு, இனிப்பு மாங்காத் தொக்கு எல்லாத்துக்கும் மூடறதுக்கு முன்னாடி பாட்டில் கழுத்தை ஈரத்துணியால ஒரு துடை துடைச்சா இந்தப் பாடே கிடையாது.

உப்பு ஊறுகாய்க்குத் தகர மூடியே ஆகாது. உப்பும் புளிப்பும் தகரத்தை அரிச்சு, துரு பிடிச்சு மரையோட ஒட்டிண்டுடும். கடை பாட்டிலைத் திறந்ததும் பீங்கான் ஜாடிக்கு மாத்தி, வெள்ளைத் துணியால வேடு கட்டிடு. ஒரு முடிச்சைப் பிரிச்சா ஊறுகாய். வலிக்கற விரலுக்கு அதைவிடச் சுலபமான மூடி உண்டா? முடிச்சும் கஷ்டம்னா துணி மேல எலாஸ்டிக் போட்டுக்கோ.

விரல்நலம் (வேலூர்):
நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கை மூட்டு நோயாளிகளோடதான் என் வேலை. இங்க எழுதினதுல பெரும்பாலானது சரி. உங்க அம்மாவோட மூட்டுக்குத் தேவையான சிலதை மட்டும் சேர்க்கிறேன்.

ஒண்ணு, பாட்டில் அடியில உள்ளங்கையால ஓங்கி அடிக்கிற பழக்கம் பல வீட்டுல இருக்கு. அம்மா அதைச் செய்யவே கூடாது. வீங்கின மூட்டுக்கு அந்த அதிர்ச்சி ஆகாது. குழவியால மூடியைத் தட்டறது வேற விஷயம், அதைக்கூட நீங்க பண்ணிக் கொடுங்க. கண்ணாடி விளிம்புல படாம மூடி மேல மட்டும் தட்டணும். பாட்டில் வாய் சில்லுப் பெயர்ந்திருந்தா அந்த ஜாமைச் சாப்பிடாதீங்க.

அடுத்தது பிடி. விரல் நுனியால கிள்ளிப் பிடிச்சுத் திருகறதுதான் கட்டைவிரல் அடிமூட்டைக் கெடுக்கும். ஈரத்துணியை மடிச்சு மேடையில போட்டு அது மேல பாட்டிலை நிறுத்தினா பாட்டில் சுத்தாது. மூடி மேல உள்ளங்கையைப் பரப்பி, தோளோட பாரத்தை இறக்கி, முழங்கையிலிருந்து திருப்பணும். விரல் சும்மா கிடக்கலாம்.

முடக்குவாதத்துல விரல்கள் சுண்டுவிரல் பக்கமாச் சாயும். வலது கையால மூடியைத் திறக்கும்போது எதிர்விசை விரல்களை அதே பக்கம்தான் தள்ளும். அதனால திறக்கறதுக்கு இடது உள்ளங்கை, மூடறதுக்கு வலது உள்ளங்கைன்னு பழக்குங்க. ஆரம்பத்துல தடுமாறும், கொஞ்ச நாள்ல வந்துரும்.

நீளமான பிடி உள்ள எதுவும் நல்லது. மூடியோட ஆரம் மூணு செ.மீ., பிடியோட நீளம் 15 செ.மீ.னா வேண்டிய விசை அஞ்சுல ஒரு பங்குதான். பிடி தடிமனாவும் இருக்கணும். மெல்லிசான கம்பிப் பிடியை இறுக்கிப் பிடிக்கறதே வலி. அந்தப் பிடி மேல துணி சுத்தித் தடிமனாக்கினாலும் சரிதான்.

இதெல்லாத்தையும் விட எளிசு ஒண்ணு இருக்கு. அந்த வாரம் தேவைப்படற பாட்டிலை நீங்க வாங்கிட்டு வந்த அன்னைக்கே திறந்து, லேசா மூடி வச்சுட்டுப் போங்க.

தேக்கா தம்பி (சிங்கப்பூர்):
விரல்நலம் அக்கா சொன்ன கடைசி யோசனைக்கு ஒரு திருத்தம். திறந்த ஜாமும் சாஸும் ஃப்ரிட்ஜுக்குள்ள போகணும். லேபிள்ல எத்தனை நாளுக்குள்ள முடிக்கச் சொல்லியிருக்கோ அந்தக் கணக்கு திறந்த நாளிலிருந்து ஓடும். அதனால ஒரு மாசத்துச் சாமானையும் ஒரே நாள்ல திறந்து வைக்காதீங்க.

விரல்நலம்:
சரிதான் தம்பி. அந்த வாரத்துக்கானது மட்டும்.

ஊட்டிக் குளிர் (உதகமண்டலம்):
பட்டறை அண்ணாவோட கணக்கைப் பார்த்ததும் ஒண்ணு புரிஞ்சுது. கீழே சமவெளியில அடைச்ச பாட்டிலை இங்கே கொண்டு வந்தா கொஞ்சம் சுலபமாத் திறக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காத்தழுத்தம் கீழே இருக்கறதுல முக்கால் பங்குதான். வெளியிலிருந்து அமுக்கறதே குறைவு. சிப்ஸ் பாக்கெட் இங்க உப்பிக்கிட்டு நிக்கறதும் இதனாலதான்.

ஆனா குளிர்ல தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்லாயிடும், மூடியும் சேர்ந்து இறுகும். அதை வெந்நீர்ல நிறுத்தறது எங்க ஊர்ல தினசரி வேலை.

சுக்குக்காபி:
எல்லாருக்கும் நன்றி. இடது கை விஷயம் எந்த டாக்டரும் எங்களுக்குச் சொல்லலை. இனி டின் பத்தி. பாயசத்துக்கும் கேசரிக்கும் அம்மாவுக்கு கண்டென்ஸ்டு மில்க் வேணும். வீட்டுல இருக்கிறது தாத்தா காலத்து டின் கட்டர். மரப்பிடி, கொக்கி மாதிரி ஒரு கத்தி. குத்திக் குத்தி அறுக்கணும். விளிம்பு ரம்பப் பல்லா வந்து நிக்குது.

பழங்கணக்கு (தஞ்சாவூர்):
அந்தக் கட்டரோட வயசைக் கேட்டா ஆச்சரியப்படுவீங்க. அதன் மூதாதை 1855இல் இங்கிலாந்தில் ராபர்ட் யேட்ஸ் செய்தது. 1858இல் அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் இன்னொன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். குத்தி நெம்பி அறுக்கும் அந்த முறை அப்படியே இருக்கிறது.

டின் அதைவிட ரொம்ப மூத்தது. உணவைக் கெடாமல் அடைத்து வைக்கும் வழிக்காக நிக்கோலா அப்பேருக்கு 1810இல் பிரெஞ்சு அரசு 12,000 ஃபிராங்க் பரிசு கொடுத்தது. அவர் பயன்படுத்தியது தக்கை அடைத்த கண்ணாடி பாட்டில். அதே ஆண்டு பீட்டர் டுராண்ட் இங்கிலாந்தில் தகர டப்பாவுக்கும் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். 1813 வாக்கில் லண்டன் பெர்மண்ட்சியில் டான்கினும் ஹாலும் தொழிற்சாலையே நடத்தினார்கள். திறக்க மட்டும் கருவி இல்லை. 1824இல் வில்லியம் பாரியின் ஆர்க்டிக் கடற்பயணத்துக்குப் போன ஓர் இறைச்சி டின்னின் மேல், உளியும் சுத்தியலும் கொண்டு மேல் விளிம்பை ஒட்டி வெட்டச் சொல்லி எழுதியிருந்தது. அவ்வளவு தடித்த இரும்பு. தகடு மெலிந்த பிறகுதான் கையால் வெட்டும் கருவிக்கே வழி பிறந்தது.

உங்கள் அம்மாவுக்கு வேண்டியது இந்த வரிசையில் கொஞ்சம் பின்னால் வந்தது. 1870இல் வில்லியம் லைமன் வெட்டும் சக்கரத்தைக் கொண்டுவந்தார். 1925இல் அதோடு பல் வைத்த இன்னொரு சக்கரம் சேர்ந்தது. அந்தப் பல்சக்கரம் டின் விளிம்பைக் கவ்விக்கொண்டு நகர்வதால்தான் இன்றைய ஓப்பனரில் நாம் சாவியைத் திருப்பினால் போதுமானதாக இருக்கிறது.

மயிலை மாமி:
அந்தக் கொக்கிக் கட்டரைத் தூக்கிப் போடச் சொல்லு. ஓரம் பட்டா ஆழமா வெட்டும், அப்புறம் டி.டி. ஊசிக்கு ஓடணும்.

பட்டறை:
டின் ஓப்பனர் வாங்கறப்ப ரெண்டு வகை பாருங்க.

சாதா வகை மேல் தகட்டை உள்விளிம்பை ஒட்டி வெட்டும். வட்டத் தகடு உள்ளே விழும், அதோட ஓரம் கூர். எடுக்கறப்பதான் கை கிழியறது.

இன்னொண்ணு பக்கவாட்டுல வெட்டறது. டின்னோட மேல் தகடும் சுவரும் சேர்ற இடத்துல ரெட்டை மடிப்பு இருக்கு. அந்த மடிப்போட வெளிச்சுவரை மட்டும் வெட்டும். மூடி மேல்பக்கமா ஒரு சிப்பி மாதிரி கழண்டு வரும். ரெண்டு பக்கமும் கூர் இருக்காது, மூடி உள்ளேயும் விழாது. அம்மாவுக்கு இதுதான். சாவி பெருசா, பிடி தடிமனா இருக்கிறதாப் பாருங்க. முதல் தடவை வெட்டி முடிஞ்சதா இல்லையான்னே தெரியாது, ஏன்னா தகடு விழாது. ஒரு சுத்து முடிஞ்சதும் விசை குறையறது கையில தெரியும், அப்ப ஓப்பனரை எடுத்துட்டு மூடியைத் தூக்கிப் பாருங்க.

எந்த வகையா இருந்தாலும் பயன்படுத்தினதும் சக்கரத்தைக் கழுவிக் காய வைக்கணும். பாலும் மீனும் பல்லுக்கு நடுவுல காஞ்சு கிடந்தா அடுத்த டின்னுக்குள்ள அதுதான் போகும்.

ரொறன்ரோ பூவரசு:
சாவி திருப்பிறதே அம்மம்மாவுக்கு ஏலாமல் போச்சு. நாங்கள் பற்றரி ஓப்பனர் ஒண்டு வாங்கினனாங்கள். ரின்னுக்கு மேல வைச்சு ஒரு பட்டனை அமத்தினால் தானாச் சுத்தி வெட்டும், முடிஞ்சதும் நிக்கும். கை விட்டிட்டு நிக்கலாம். இஞ்ச மீன் ரின், கடலை ரின், 400 மில்லிலீற்றர் தேங்காய்ப்பால் ரின் எண்டு கிழமைக்குப் பல ரின் போகும், எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

தெரிஞ்சிருக்க வேண்டியது: விளிம்பு நசுங்கின ரின்னில இடையில நிண்டுபோகும். சதுர ரின்னுக்குச் சரிவராது. வெட்டின மூடியைக் காந்தம் பிடிச்சுத் தூக்கும், அலுமினிய மூடியெண்டால் காந்தம் பிடிக்காது. பற்றரி பலம் குறைஞ்சாலும் பாதியில நிண்டிடும், அதால ஒரு சோடி கையில வைச்சிருங்கோ.

தேங்காய்ப்பால் பற்றி ஒரு சொல். குழம்புக்கெண்டால் குலுக்கித் திறவுங்கோ. கட்டிப்பால் மட்டும் வேணுமெண்டால் குலுக்காமல் நிமித்தி வைச்சிருந்து, தலைகீழாப் பிடிச்சு அடிப்பக்கத்தைத் திறந்து தண்ணியை முதல் வடிச்சிடுங்கோ. கட்டி உள்ளுக்குள்ள நிக்கும்.

பட்டறை:
பேட்டரி ஓப்பனர் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லைங்க. உள்ளே இருக்கிற பற்சக்கரங்கள் பிளாஸ்டிக். மாசத்துக்கு ஒரு டின் திறக்கிற வீட்டுக்குப் பேட்டரி உள்ளேயே கசிஞ்சு வீணாயிரும். பக்கவாட்டு ஓப்பனர் இருபது வருஷம் உழைக்கும்.

விரல்நலம்:
இருபது வருஷம் உழைக்கிற ஓப்பனரைத் திருப்ப முடியாத கை இருக்கு அண்ணா. அந்தக் கைக்குப் பட்டன்தான் சரி. எங்க நோயாளிகள் பலர் சாவியை அரைச் சுத்துக்கு மேல திருப்ப முடியாதவங்க. வலி இருக்கும் நாள்ல அந்த அரைச் சுத்தும் கிடையாது. பயன்படுத்தாத நாள்ல பேட்டரியைக் கழட்டி வச்சா கசிவு பிரச்சனை தீர்ந்தது.

பட்டறை:
அப்படிப் பார்த்தா நீங்க சொல்றதுதான் சரி. அம்மா கையைப் பொறுத்து முடிவு பண்ணட்டும்.

தேக்கா தம்பி:
எங்க ஊர்க் கோப்பிக்கடையில டின் பாலை முழுசாத் திறக்க மாட்டாங்க. மேல் தகட்டுல எதிரெதிரா ரெண்டு ஓட்டை. ஒண்ணுல பால் இறங்கும், இன்னொண்ணுல காத்து போகும். ஒரே ஓட்டைன்னா சொட்டு சொட்டாத்தான் வரும். அந்தக் காலத்துல காலி டின்லயே கோப்பி ஊத்தி, கயிறு கட்டிக் கையில கொடுப்பாங்களாம்.

பாயசத்துக்கு முழு டின்னும் வேணும்னா ஓட்டை முறை சரிப்படாது, பாதி உள்ளேயே ஒட்டிக்கும். தினம் ஒரு ஸ்பூன் காபிக்குன்னா சரி. அப்பவும் மிச்சத்தை டின்லயே விடாம ஒரு கண்ணாடி டப்பாவுக்கு மாத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க. அன்னாசி, தக்காளி மாதிரி புளிப்புச் சாமானை இன்னும் கண்டிப்பா மாத்தணும். திறந்த டின்ல காத்து பட்டதும் புளிப்பு உள்பூச்சுத் தகரத்தைக் கரைக்கும், வாயில உலோக ருசி வரும்.

சுக்குக்காபி:
வளையம் வச்ச டின்? அம்மாவுக்கு விரலை உள்ளே விட்டு இழுக்கவே முடியலை.

விரல்நலம்:
விரல் எதுக்கு? ஸ்பூன் காம்பு போதும். வளையத்துக்கு அடியில காம்பைக் கொடுத்து நெம்பினா முன்பக்கம் 'டிக்'னு உடையும். அப்புறம் காம்பை வளையத்துக்குள்ள முழுசாக் கோத்து, ஸ்பூனை முழுக்கையால பிடிச்சு, டின் விளிம்பு மேல சாய்ச்சு பின்னாடி உருட்டுங்க. தகடு சுருண்டுகிட்டே வரும். முக்கால்வாசி வந்ததும் நிறுத்திடுங்க, கடைசியில வெடுக்குனு இழுக்கறப்பதான் சாறு தெறிச்சுக் கை வெட்டுது.

ரொறன்ரோ பூவரசு:
வளையம் பிஞ்சு கையோட வந்தால் ரின்னைக் கவிழ்த்துப் பாருங்கோ. அடியிலயும் மடிச்ச விளிம்பு இருந்தால் சாதாரண ஓப்பனரால அந்தப் பக்கம் வெட்டலாம். அடி குறுகி வழவழப்பா இருந்தால் ஓப்பனர் பிடிக்காது. அப்ப பழங்கரண்டி ஒண்டால, முன்னமே கீறியிருக்கிற கோட்டை ஒட்டி அமத்தி அமத்தித் திறக்கலாம், ஆனால் அது பலம் வேண்டிய வேலை. அம்மாவை விடாதேங்கோ.

ஊட்டிக் குளிர்:
டின்னைச் சொரசொரப்பான கல்லுல கவிழ்த்துத் தேய்ச்சா விளிம்பு தேய்ஞ்சு தானாத் திறக்கும்னு வீடியோ பார்த்தேன். அம்மிக்கல்லுல பண்ணலாமா?

பட்டறை:
திறக்கும். விளிம்பு மடிப்பு தேய்ஞ்சு போனா மேல் தகட்டைப் பிடிக்க ஒண்ணும் இல்லை, பக்கத்துல அமுக்கினா கழண்டுரும். காட்டுல மாட்டிக்கிட்டா பண்ணலாம். வீட்டுல வேண்டாம், இரும்புத் தூளும் கல் தூளும் உணவுல விழும். அம்மியும் வீண்.

மயிலை மாமி:
அம்மியில தகரத்தைத் தேய்க்கறதா! அதுல நாளைக்குத் துவையல் அரைக்க வேண்டாமா?

அது போகட்டும், முக்கியமான ஒண்ணை யாரும் சொல்லலையே. உப்பின டின்னை விலைக்கு வாங்காதே. வீட்டுல இருந்தது உப்பினாலும் திறக்காம குப்பைக்கு அனுப்பு.

விரல்நலம்:
மாமி சொன்னது ரொம்ப முக்கியம். டின் மேலும் கீழும் உப்பியிருந்தா, கசிஞ்சிருந்தா, திறந்ததும் பீய்ச்சி அடிச்சா, நாக்குல வச்சுப் பார்க்கக்கூட வேண்டாம். காத்தில்லாத டின்னுக்குள்ள பாட்டுலிசம்ங்கற உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சு நோயை உண்டாக்கற கிருமி வளரும், அதோட நஞ்சுக்கு மணமோ ருசியோ காட்டிக் கொடுக்கணும்னு கட்டாயமில்லை. விளிம்பு மடிப்பிலேயே ஆழமா நசுங்கின டின்னும் வேண்டாம். பாட்டில்ல நடுவட்டம் கடையிலேயே மேல எழும்பி, அமுக்கினா 'டிக் டிக்'னு ஆடினா அடைப்பு ஏற்கெனவே போயிடுச்சு. அதை அலமாரியிலேயே விட்டுடுங்க.

இன்னொண்ணு. மூடின பால் டின்னை குக்கர்ல வேக வச்சு இனிப்பு செய்யற முறை பரவுது. தண்ணி வத்தினா டின் வெடிக்கும். திறந்து கிண்ணத்துல ஊத்தி வேக வைக்கலாமே.

சுக்குக்காபி:
பட்டியல் போட்டுட்டேன். பாட்டிலுக்கு ஸ்பூனும் நெம்புகருவியும், டின்னுக்கு பேட்டரி ஓப்பனர் (அம்மா கையால சாவி திருப்ப முடியலை, தோழி வீட்டுல இருந்ததை வச்சுப் பார்த்தாச்சு). ஒரு பிரச்சனை பாக்கி. வீட்டு எவர்சில்வர் சம்படம். ரவையை வறுத்து சூட்டோட போட்டு மூடிட்டாங்க, இப்ப மூடி வரவே இல்லை.

மயிலை மாமி:
பட்டறை தம்பி சொன்ன அதே கதைதான். சூட்டுல மூடினா ஆறினதும் உள்ளே இழுத்துக்கும். மூடி மேல வெந்நீர்ல நனைச்ச துணியைப் போட்டு வை, இளகும். குக்கர் மூடி ஆறி இறுகினாலும் முதல்ல வெயிட்டைத் தூக்கிக் காத்து விடணும், அப்பவும் வரலைன்னா திரும்ப லேசாச் சூடு பண்ணணும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டின டம்ளருக்கு உள்ளே ஐஸ் தண்ணி, வெளியே வெந்நீர். வறுத்ததை ஆற வச்சுக் கொட்டச் சொல்லு, அம்மாவுக்குத் தெரியாததில்லை.

பட்டறை:
தங்கச்சி, அம்மாவுக்கு இன்னொரு கருவியும் பாருங்க. அலமாரித் தட்டுக்கு (ஷெல்ஃப்) அடியில திருகாணி போட்டு மாட்டறது. 'V' வடிவத்துல ஓரத்துல இரும்புப் பல் இருக்கும். மூடியை அந்த மூலைக்குள்ள தள்ளி, ரெண்டு கையாலும் பாட்டிலைக் கட்டிப் பிடிச்சுத் திருப்பினாப் போதும். மூடியைப் பிடிக்கிற வேலையே இல்லை. பிளாஸ்டிக் மூடிக்கும் இது ஆகும், பல் தடம் மட்டும் விழும். மரையிலேயே இறுகின பாட்டிலுக்கு இதைவிட எதுவும் இல்லை.

சுக்குக்காபி:
எங்க வீட்டுல தட்டெல்லாம் கடப்பாக்கல் அண்ணா. திருகாணி எப்படி இறங்கும்?

பட்டறை:
கல்லுல துளை போடாதீங்க, விரிசல் விடும். ஒரு சாண் அகலத்துல தடித்த மரப்பலகை வாங்கி, முதல்ல அதுல கருவியை முடுக்கிருங்க. பலகையை ரெண்டு இரும்பு 'L' பட்டையால சுவத்துல துளை போட்டு, திருகாணி பிடிக்கிற பிளக் வச்சு மாட்டச் சொல்லுங்க. எந்த ஆசாரியும் அரை மணியில முடிச்சுருவார். ஒட்டறது வேண்டாம், இழுவை தாங்காது.

உயரம் முக்கியம். அம்மா நின்னா பாட்டில் நெஞ்சுக்கு நேரா வரணும், கை தூக்கற மாதிரி இருக்கக் கூடாது. கண்ணுக்கு எட்டற இடம், சமையல் மேடை ஓரமா, நடமாடறப்ப தலை இடிக்காத பக்கம்.

சுக்குக்காபி:
தேன் பாட்டில் மாதிரி சின்ன மூடிக்கும் அதே கருவி போதுமா? எந்தப் பக்கம் திருப்பணும்? மூடி அசையாம பாட்டில் சுத்தறதுன்னா அம்மா குழம்பிடுவாங்க.

பட்டறை:
போதும். பெரிய மூடி வாய்ப்பக்கத்துல பிடிக்கும், சின்ன மூடியை உள்மூலை வரைக்கும் தள்ளணும். திசை மேலேருந்து பார்த்தா பாட்டில் வலஞ்சுழியா, அதாவது கடிகார முள் போற பக்கம். மூடியைக் கையால திருகற திசைக்கு நேர் எதிர். பலகை முகப்புல பெயிண்ட்ல அந்தப் பக்கம் பார்த்து ஒரு அம்புக்குறி போட்டுருங்க. முதல் தடவை ஏற்கெனவே திறந்த ஒரு காலி பாட்டிலை வச்சுப் பழகிப் பார்க்கட்டும். புது பாட்டிலுக்கு அப்பவும் முதல்ல ஸ்பூனால காத்து விட்டுட்டுத்தான் இதுல மாட்டணும்.